கிளிஞ்சல் வெள்ளியங்கிரி

மாலை வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து விழ ஆரம்பித்ததும் வெள்ளியங்கிரி தகர டப்பாவைத் திறந்து, கொட்டாங்குச்சியை உள்ளே விட்டு ஒரு கிளறு கிளறுவார். கடல் கிளிஞ்சலை உடைத்த நொய் அது. அந்தச் சரசரப்பு கேட்டதும் கூண்டில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழிகள் அத்தனையும் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிவிடும். தீவனத் தொட்டி நெடுகத் தூவிக்கொண்டே போவார். கடைசிக் கூண்டைத் தாண்டிய பின்னும் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இருக்கிற மாதிரிதான் அள்ளியிருப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மியில் வைத்து மாவாக அரைத்து, பழைய மல் வேட்டித் துண்டில் சலித்து, ஒரு டம்ளர் மோரில் கலக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நிற்பார்.

"பொன்னு, இந்தா. குடிச்சுப்போடு."

பொன்னாத்தாள் அவர் மனைவி. டம்ளரை வாங்குமுன் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பாள். "கோழிகளுக்கெல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"அப்பச் செரி. அதுக முட்டை போடறதுக. முன்னால திங்கோணும். நான் சும்மா உக்காந்திருக்கறவ." மடக்கென்று குடித்துவிட்டு, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதை நாக்கால் தள்ளியபடி வேலையைப் பார்க்கப் போவாள். வெள்ளியங்கிரி காலி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் மண்டி தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். தங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றி அலசி மறுபடியும் நீட்டுவார். கிளிஞ்சல் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் இறங்கி, வெள்ளியங்கிரி வீடு எது என்று கேட்டால் எல்லோரும் விழிப்பார்கள். கிளிஞ்சல்காரர் வீடு என்றால் ஆட்டுக்குட்டி மேய்க்கிற கிழவிகூடக் கையைக் காட்டிவிடுவாள். ஆள் நல்ல உயரம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, வலது அக்குளில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை விரிந்து யாரும் பார்த்ததில்லை. மழை வந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குடையை வேட்டிக்குள் ஒளித்துக்கொள்வார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அவருக்கு எதையும் தட்டிப் பார்த்தாக வேண்டும். முட்டை வியாபாரத்தில் அது பழக்கம்தான். இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று லேசாக மோதி, காதோரம் வைத்துக் கேட்டால் கீறல் விட்ட முட்டை காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளியங்கிரியிடம் அந்தப் பழக்கம் முட்டையோடு நிற்கவில்லை. சுவரைத் தட்டுவார், பூசணிக்காயைத் தட்டுவார், கன்றுக்குட்டியின் நெற்றியைத் தட்டுவார். பேச வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுவாக்கில் அவருடைய முழங்காலையும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். "சத்தம் சொல்லிப்போடுமுங்க" என்பார். என்ன சொல்லியது என்று மட்டும் சொல்ல மாட்டார். தட்டு வாங்கியவர் அன்று முழுக்க முழங்காலைத் தடவிக்கொண்டே திரிவார்.

உலகத்தைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். "கெட்டியா இருக்கறது எல்லாமே சுண்ணாம்புதானுங்க. செவுரு, பல்லு, முட்டை, எலும்பு, என்ன வேணா எடுத்துக்கங்க." வெற்றிலை போடுவதே அவருக்குச் சுண்ணாம்புக்காகத்தான். கிள்ளுகிற வெற்றிலையைவிடத் தடவுகிற சுண்ணாம்பு அதிகமாக இருக்கும். நாக்கு வெந்துபோய் இரண்டு நாள் பேச முடியாமல் கிடந்து, அப்போதும் கொள்கையை விடாமல் கையைக் காட்டியே வாதாடிய மனிதர்.

இந்தக் கொள்கையை அவருக்குக் கொடுத்தவை கோழிகள். கீழே உமி பரப்பிக் கோழி வளர்த்தவர்கள் எல்லாம் கம்பிக் கூண்டுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. இவரும் மாறினார். கொஞ்ச நாளில் நன்றாக முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழிகள் ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டன. எழுப்பிவிடலாம் என்று தூக்கினால் கையிலேயே கால் எலும்பு முறிந்தது. விழுந்த முட்டையோ ஓடே இல்லாத தோல் முட்டை. தீவனக்கடை சரவணமுத்து வந்து பார்த்துவிட்டு, "நீங்க போடற தீவனத்துல சுண்ணாம்பு பத்தலைங்க. ஓடு கட்டறதுக்கு அதுக தன்னோட எலும்பையே கரைச்சுக் குடுத்துட்டு இருக்குதுக. சாயங்காலத்துல கிளிஞ்சல் போடுங்க" என்றார். போட்டார். படுத்திருந்த கோழிகளில் முக்கால்வாசி எழுந்து நின்றன. எழுந்த கோழிகளைப் பார்த்தபடி கொட்டகையில் வெகுநேரம் நின்றிருந்த வெள்ளியங்கிரி, அப்படியே திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பொன்னாத்தாள் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பொன்னாத்தாளுக்கு எலும்பு உடைவது புதிதல்ல. ஊருக்கு அது ஒரு செய்தியும் அல்ல. தும்மினாள், விலா எலும்பு போயிற்று. ஜன்னலைச் சாத்தினாள், விரல் போயிற்று. சின்ன வயதில் அடிக்கடி உடைந்து, வயதுக்கு வந்தபின் கொஞ்சம் ஓய்ந்து, நாற்பதைத் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்திருந்தது. உடைந்தது சீக்கிரமே கூடிவிடும். கூடிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் உடையும். அவள் பிறந்த ஊர் பள்ளிபாளையம். நாலு தறி போட்டிருந்த அவளுடைய அப்பனுக்கும் இப்படியேதான். அவரைப் போலவே இவளுக்கும் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் இளநீலமாக இருக்கும், வெள்ளைத் துணிக்கு நீலம் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்ட மாதிரி. பெண் பார்க்கப் போன அன்று வெள்ளியங்கிரி அந்தக் கண்ணைத்தான் பார்த்தார். வேறெதையும் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

மகன் மயில்சாமி பிறந்தபோது பொன்னாத்தாள் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தைகளுக்கு எல்லாம் கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும் என்று மருத்துவச்சி சொன்னதை அவள் நம்பவில்லை. சில மாதத்தில் பளீரென்று வெளுத்தது. அன்றைக்குத்தான் பெயர் வைக்கவே சம்மதித்தாள். அந்த மயில்சாமி இப்போது ரிக் லாரியில் ஆந்திரா பக்கம் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பன் வழி எலும்பு. பாறை உடைந்தாலும் அவன் உடைய மாட்டான்.

தன் எலும்புகளைப் பற்றிப் பொன்னாத்தாள் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். "இந்த மணிக்கட்டு இருக்குதே, அது கொஞ்சம் பொறாமை புடிச்சது. இந்தக் கால் விரல் கூடின ஒடனே அது போயி உடைஞ்சுக்கும்." வேடிக்கை என்னவென்றால், பண்ணையில் முட்டை அடுக்குவது அவள்தான். அவள் கையில் முட்டை உடைந்து யாரும் பார்த்ததில்லை. கூட அடுக்குகிற சாலம்மாள் ஒரு நாளைக்கு நாலைந்தாவது உடைத்து, யாரும் பார்க்குமுன் குடித்துவிடுவாள். "நீ எப்பிடியக்கா" என்று அவள் கேட்டால், "முட்டைக்கு என்ன பயமுன்னு எனக்குத் தெரியுமே" என்பாள் பொன்னாத்தாள்.

வெள்ளியங்கிரி சும்மா இருக்கவில்லை. கிளிஞ்சல் மோரோடு, வீட்டில் கூர்மையாக இருந்த இடத்தில் எல்லாம் முட்டை அடுக்குகிற அட்டையை வைத்து ஆணி அடித்துவிட்டார். நிலைக்கதவின் இரு பக்கமும் அட்டை, ஆட்டுக்கல்லைச் சுற்றி அட்டை, குளிக்கிற இடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அட்டை. நனைந்து ஊறியதை மாற்றுவதற்கென்றே தனிக் கட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். "உங்க ஊட்டுக்குள்ள நொழைஞ்சா எங்களையே அடுக்கி வெச்சாப்பல இருக்குதுங்க" என்று சரவணமுத்து சொன்னார். வெள்ளியங்கிரி அவர் முழங்காலைத் தட்டிக் கேட்டுக்கொண்டார்.

இத்தனை செய்தவர் ஒன்றே ஒன்றைச் செய்ய மாட்டார். ரோட்டில் இறங்கிவிட்டால் மனைவியோடு சேர்ந்து நடக்க மாட்டார். அந்தப் பக்கத்து ஆண்கள் யாருமே அப்படி நடப்பதில்லை. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் வீசி வீசிப் போவார். பொன்னாத்தாள் ஒரு கல்லெறி தூரம் பின்னால் வருவாள். நடுநடுவே திரும்பிப் பார்க்காமலேயே, "வாரயா?" என்பார். "வாரேனுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். குரல் வந்தால் ஆள் வருகிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களுடைய ஏற்பாடு.

ஒருமுறை ராசிபுரத்தில் நெய் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தபோது வழக்கம்போல "வாரயா?" என்று கேட்டார். "வாரேனுங்க" என்று குரல் வந்தது. பஸ்ஸில் ஏறித் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், பொன்னாத்தாள் கடைவீதி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் கூட்டம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து, கை முறிந்து, தரையில் கிடந்தபடிதான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள். "உழுந்துட்டேன்னு கத்தினா நாலு பேரு முன்னால நீங்க ஓடியாரோணும். உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான்" என்று காரணம் சொன்னாள். நெய் தூக்கு மட்டும் சிந்தாமல் நிமிர்ந்து நின்றது. அன்று வீட்டுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி செய்த முதல் காரியம், மோரில் கலக்குகிற கிளிஞ்சலைக் கூட்டியதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மயில்சாமிக்குப் பெண் அமைகிற மாதிரி வந்தது. பனமரத்துப்பட்டி. ஏரிக்குப் பக்கத்தில் காடு தோட்டம் உள்ள குடும்பம். பேச்சைக் கொண்டுவந்தவர் வெள்ளியங்கிரியின் பங்காளி சென்னிமலை. எல்லாம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "அண்ணனுக்கு நான் சொல்லோணுமுன்னு இல்லைங்க. அண்ணியை இந்தத் தடவைக்கு ஊட்டுல உட்டுட்டு வந்தா நல்லது. பஸ்ஸை உட்டு எறங்கி ஏரிக்கரை மேல நடக்கோணும். போற எடத்துல உழுந்து கிழுந்து வெச்சா, பொண்ணு ஊட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு நெனைப்பாங்க."

வெள்ளியங்கிரிக்கும் அது சரி என்றே பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பொன்னாத்தாள் நிலைக்கதவு அட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சென்னிமலை, என்ற பையனுக்குப் பொண்ணை நான் என்ற கண்ணால பாக்கோணும். நடந்து போயித்தான் பாக்கோணும். தூக்கிட்டுப் போயி எறக்கி வெக்கறதுக்கு நான் முட்டைக் கூடை இல்லை."

அவள் எதற்கும் இப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை. அந்த ஒரு ஆசைக்காகவே அவள் இத்தனை வருஷம் உடைந்து உடைந்து கூடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. வெள்ளியங்கிரி யோசித்தார். கோழிகள் எழுந்து நின்றது ஞாபகத்துக்கு வந்தது. "செரி. ரெண்டு மாசம் தள்ளிப் போகலாம்னு சொல்லு சென்னிமலை. அதுக்குள்ளார நான் இவளைத் தேத்திப்போடறேன்" என்றார்.

தேற்றினார். சாயங்கால டம்ளரோடு காலையிலும் ஒரு டம்ளர் சேர்ந்தது. களியில் ஒரு கை, குழம்பில் ஒரு கை. பொன்னாத்தாள் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் விலாவுக்குக் கீழே பிடித்த வலி அவளைச் சுருட்டிப் போட்டது. எலும்பு உடைந்தாலும் முகம் சுளிக்காதவள், வாய்விட்டு அழுதாள். கார் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள்.

சேலத்தில் டாக்டர் குழந்தைவேல் படம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகத்தில் கல். மற்றொரு படத்தில் பழைய முறிவுகள் எல்லாம் கோடு கோடாகத் தெரிந்தன. அவர் பொன்னாத்தாளின் கண் இமையைத் தூக்கி அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்தார். "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"கோழிக்குப் போடறதைத்தானுங்க எனக்கும் போடறாரு. கோழி முட்டை போட்டுச்சு. நான் கல்லுப் போட்டேன்."

டாக்டர் சிரிக்கலாமா என்று தெரியாமல் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெள்ளியங்கிரி மேஜையை விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். "எலும்புன்னா வெறும் சுண்ணாம்பு இல்லைங்க. முதல்ல உடம்பு நார் நூற்கும். புரதத்துல நூத்த நார், கொலாஜன்னு பேரு. அந்த நார் மேலதான் சுண்ணாம்பு போய்ப் படியும். எங்க படியணும், எங்க படியக்கூடாதுன்னு மேய்க்கறதுக்கு வேற சில புரதங்களும் இருக்குது. அம்மாவுக்குச் சுண்ணாம்புல கொறையே இல்லை. நார்தான் பாதிக்குப் பாதி கொறைச்சல். பொறப்புலயே அப்படி, அவங்க அப்பா வழியில வந்தது. நீங்க கொட்டற சுண்ணாம்புக்கு எலும்புல உக்கார எடம் இல்லை. அது கிட்னியில போய் உக்காந்துக்கிச்சு."

"கோழிக்கு மட்டும் எப்பிடிங்க ஒட்டுச்சு?"

"உங்க கோழிக்கு நார் நல்லா இருந்துச்சு, சுண்ணாம்பு தீர்ந்து போச்சு. போட்டீங்க, புடிச்சுக்கிச்சு. இவங்களுக்கு அது தலைகீழ்."

வெள்ளியங்கிரி ஒப்புக்கொள்கிற முகத்தோடு இல்லை. படுக்கையிலிருந்து பொன்னாத்தாள் சொன்னாள். "ஏனுங்க, எங்கப்பன் தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடறதை நீங்களே பாத்திருக்கறீங்க. நூல் இருந்தாத்தான் கஞ்சி. நூலைப் பாதியாக் கொறைச்சுப்போட்டு, கஞ்சியை அண்டா அண்டாவா ஊத்தினா என்னாகும்? வெறப்பா நிக்கும். தொட்டா படக்குன்னு போயிரும். நம்மகிட்ட நூல் கம்மிங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தக் கண்ணு நீலமும் அதனாலதாம்மா. கண்ணோட வெள்ளையிலயும் அதே நார்தான். மெல்லிசா இருக்கறதால உள்ள இருக்கற கறுப்பு மங்கலாத் தெரியுது."

"அப்ப நைஸ் வேட்டி கட்டினாப்பலன்னு சொல்லுங்க" என்று அவள் வலியோடு சிரித்தாள். பெண் பார்க்கப் போன அன்று தான் பார்த்து மயங்கியது இதைத்தானா என்று வெள்ளியங்கிரிக்கு ஒரு கணம் திகைப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் கண் அழகாகத்தான் இருந்தது.

அதற்கு மருந்து இன்னும் வரவில்லை என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெறும் மோர் போதும், தினமும் நடக்க வேண்டும். உட்கார்த்தி வைத்தால் எலும்பு இன்னும் இளைத்துப்போகும். விழ மட்டும் கூடாது. இடுப்பெலும்பு போனால் அப்புறம் படுக்கைதான். வெள்ளியங்கிரி, "அப்ப நான் என்னதாங்க பண்றது?" என்று கேட்டார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கிளம்பும்போது வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்று சொன்னார். "நம்பலைன்னா உங்க கோழியோட கால் எலும்பு ரெண்டு எடுங்க. ஒண்ணை வினிகர்ல ஊறப்போடுங்க. ஒண்ணை நெருப்புல போடுங்க. எதுல என்ன மிஞ்சுதுன்னு நீங்களே பாருங்க."

நம்பவில்லை. ஆகவே செய்து பார்த்தார். நாமக்கல்லில் மிலிட்டரி ஓட்டல்காரரிடம் வெங்காயத்துக்கு ஊற்றுகிற வினிகரைக் கெஞ்சி வாங்கி, ஊறுகாய் ஜாடியில் இரண்டு எலும்பைப் போட்டு மூடினார். சாலம்மாள் ஒரு மத்தியானம் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அந்த ஜாடியைத் திறந்து, அதில் ஒன்றைத் தட்டில் எடுத்தும் வைத்துவிட்டாள். கடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா மாங்கா இது, ரப்பராட்டம் இழுக்குது" என்றாள். ஒரு வாரச் சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் நடுவில், மாற்றி மாற்றி வினிகர் ஊற்றியதில், மிச்ச எலும்பு பதமாகிவிட்டது. இன்னொரு எலும்பை அன்று காலை முழுக்க அடுப்பு நெருப்பில் கிடத்தி, வெளுத்த பின் எடுத்து ஆற வைத்தார்.

இரண்டையும் வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னாத்தாள் எதிரே ஸ்டூலில். முதலில் வினிகர் எலும்பு. உருவம் அப்படியே இருந்தது. சுண்ணாம்பெல்லாம் கரைந்து போயிருந்தது. தட்டினார், சத்தமே இல்லை. வளைத்தார், இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன. விட்டதும் நிமிர்ந்துகொண்டது. கீழே போட்டார், மிதித்தார். அது உடையவே இல்லை.

அடுத்தது நெருப்பில் வெந்தது. பாலாட்டம் வெள்ளை, நார் எல்லாம் எரிந்து முழுக்க முழுக்கச் சுண்ணாம்பு. தட்டினார். ணங் என்றது. அப்படி ஒரு சத்தத்தை அவர் எந்த முட்டையிலும் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டயா பொன்னு? இதுதான் எலும்பு" என்று சொல்லி, பெருமையாக எடுத்துக் காட்டுவதற்காக இரண்டு விரலால் லேசாகப் பிடித்தார். பொலபொலவென்று உதிர்ந்து மடியில் கொட்டியது.

வெள்ளியங்கிரி மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் கிடந்தது, தினமும் சாயங்காலம் அவர் அம்மியில் அரைத்தெடுத்த மாவைப் போலவே இருந்தது. இத்தனை வருஷம் தன் கையாலேயே அவளுக்குக் கல்லை ஊட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் நெஞ்சுக்குள் இறங்கியது. அழுகை வந்தது. வருவதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

"இதுல ஒண்ணும் ஆகலைன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே பொன்னு. ஒரு நாளாச்சும் வேண்டாமுன்னு சொல்லியிருக்கலாமல்லோ?"

பொன்னாத்தாள் குனிந்து அவர் வேட்டியைத் தட்டிவிட்டாள். "சாயங்காலமானா ஒரு டம்ளரைத் தூக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னீங்க. இந்த ஊருல எவ புருசன் அப்பிடி வந்து நிக்கறான்? அதுக்குத்தான் குடிச்சேன். ருசிக்கா குடிச்சேன்?"

அன்று சாயங்காலம் கொட்டாங்குச்சியில் மிச்சம் வைக்காமல் கோழிகளுக்கே போட்டார். ஆனாலும் கால் பழக்கத்தில் வீட்டுக்கு வந்து, வெறும் மோர் டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றது.

குறித்த நாளில் சென்னிமலை வந்தபோது, பொன்னாத்தாள் பச்சைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துத் தயாராக இருந்தாள். சென்னிமலை அண்ணனைப் பார்த்தார். வெள்ளியங்கிரி, "அவ வாரா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

பனமரத்துப்பட்டியில் பஸ் நின்றது. ஏரிக்கரை மேலே கல்லும் மேடுமாகப் பாதை நீண்டு கிடந்தது. அந்தக் கோடியில் பெண் வீட்டு ஆண்கள் வரிசையாக, சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக, எதிர்கொண்டு அழைக்க நின்றிருந்தார்கள். அவர்கள் பார்வையெல்லாம் இந்தப் பக்கம்தான். சென்னிமலை கும்பிட்டபடி விறுவிறுவென்று முன்னால் போனார். வெள்ளியங்கிரியின் கால்களும் தம் பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டன. கொஞ்ச தூரம் போய்விட்டார். "வாரயா?" என்கிற சொல் வாய்வரைக்கும் வந்தது. ராசிபுரம் கடைவீதி ஞாபகம் வந்து, சொல் அங்கேயே நின்றது.

அவர் கேட்காமலேயே பின்னாலிருந்து குரல் வந்தது. "வாரேனுங்க."

வெள்ளியங்கிரி நின்றார். எதிரே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது மடல் சூடாகியது. திரும்பி அவளிடம் நடந்து வந்தார். வலது அக்குளில் இருந்த குடையை எடுத்து இடது அக்குளுக்கு மாற்றினார். ஏதோ ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறவர்போல முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, வலது முழங்கையை மட்டும் மடக்கி வெளியே நீட்டினார்.

பொன்னாத்தாள் அந்த முழங்கையை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.